வெள்ளம் வடிந்த பின் யாரிடம், எப்படிக் கேட்பது? அனர்த்தகாலச் சுகாதாரப் பணியை மதிப்பிடும் முறைகள்: ஓர் ஒப்பீடு

மாரி வெள்ளம் வடிந்த சில வாரங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அறிக்கைகள் எழுதப்படும். எத்தனை இடைத்தங்கல் முகாம்கள், எத்தனை நடமாடும் மருத்துவ சேவைகள், எத்தனை பேருக்குச் சிகிச்சை, எத்தனை கிணறுகளுக்குக் குளோரின், எத்தனை குளிசைகள் என்று கணக்கு வரும். இந்தக் கணக்கு அவசியம். அது இல்லாமல் அடுத்த ஆண்டுக்கு மருந்து கேட்கவே முடியாது. ஆனால் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதோடு அது நின்றுவிடும். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, சேராதவருக்கு ஏன் சேரவில்லை என்பதை அறிய மனிதரிடம் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும்.

பேசுவதிலும் பல முறைகள் உண்டு. வீடு வீடாகப் படிவம் நிரப்பலாம், பத்துப் பேரைக் கூட்டி வைத்துப் பேசலாம், ஒவ்வொருவராக இருந்து ஆறுதலாகக் கேட்கலாம், பணியில் நின்ற உத்தியோகத்தர்களை அழைத்து நடந்ததை மீட்டிப் பார்க்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், சிறு தொண்டு நிறுவனத்துக்கும், ஆய்வுக்கு வரும் பல்கலைக்கழக மாணவருக்கும் பணமும் நாளும் குறைவு; எல்லாவற்றையும் செய்ய முடியாது. ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் எது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சேவையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது கடந்துவந்த வழியில் நின்ற ஒவ்வொருவரையும் தனித்தனியே நேர்காண்பதே நமது பகுதிக்குப் பொருத்தமானது. இங்கே அதிகம் கையாளப்படும் குழுக் கலந்துரையாடலை மட்டும் நம்பி ஒரு மதிப்பீட்டை எழுதக் கூடாது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

பேச்சை ஆதரித்து எழுதுவதால் எண்ணை நான் குறைத்து மதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்தக் கரையோர முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம் பின்னர் நடந்த ஒரு கணக்கெடுப்பில், அக்குடும்பங்களின் பெண்களில் 17.5 வீதமானோரும் ஆண்களில் 8.2 வீதமானோரும் இறந்திருந்தது தெரியவந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். எத்தனை பேரோடு எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் இந்த உண்மை இவ்வளவு துல்லியமாக வெளிவந்திருக்காது.

ஏன் என்ற கேள்விக்கு அந்த இரண்டு எண்களால் முழுப்பதில் தர முடியாது. ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பு ஒன்று, அலை வந்த வேளை மட்டக்களப்புக் கரையோரப் பெண்கள் வழமையாகக் கடலில் குளிக்கும் வேளை என்பதையும், நீந்தவும் மரமேறவும் இலங்கையில் ஆண் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் பழக்கப்படுகிறது என்பதையும் எடுத்துக்காட்டியது. இத்தகைய காரணங்கள் படிவத்தின் கட்டங்களுக்குள் வந்து விழுவதில்லை. கரையில் வாழும் ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைக் காலை எப்படிக் கழிகிறது என்று கேட்டவருக்குத்தான் அவை கிடைக்கும்.

படிவக் கணக்கெடுப்பைத் தேர்ந்தால், தடுப்பூசித் திட்டங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் பரப்பிய 30 கொத்து (ஊர் அல்லது வட்டாரம் போன்ற மக்கள் தொகுதி), கொத்துக்கு 7 பேர் என்ற முறை இன்றும் எளிமையானது. 210 பேரின் விபரம் போதும். முழுப் பிரதேசத்துக்கும் பொருந்தும் ஒரு மதிப்பு கிடைத்துவிடும். ஆனால் கேள்வி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளத்தில் எது பிழையாகப் போனது என்பதே தெரியாத நிலையில் தயாரிக்கும் படிவம், கேட்பவர் நினைத்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும். அதனால்தான் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்கிறேன்.

குழுக் கலந்துரையாடல்

இதை எல்லோரும் விரும்புவதற்குக் காரணம் உண்டு. எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், தேநீரும் சிற்றுண்டியும். ஒரே நாளில் இரண்டு கிராமங்களை முடித்துவிடலாம். அறிக்கைக்குப் படமும் கிடைக்கும். நிதி வழங்குவோரும் ‘மக்களோடு பேசினீர்களா’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால் அந்த எட்டுப் பேர் யார்? அழைப்பு கிராம உத்தியோகத்தர் வழியாகவோ கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் வழியாகவோ போகும். வருபவர்கள் கூட்டங்களுக்கு வந்து பழகியவர்கள். அவர்களில் சிலர் நிவாரணப் பட்டியல் தயாரிப்பதில் கைகொடுத்தவர்களாகவும் இருப்பார்கள். பட்டியலில் பெயர் விடுபட்ட பெண் ஒருத்தி அந்த வட்டத்தில் இருந்தாலும் வாய் திறக்கமாட்டாள். நாளைக்கும் அதே ஊரில், அதே ஆட்களோடு வாழப்போகிறவள் அவள். கோயில் நிர்வாகியான வண்ணக்கரோ பள்ளிவாசல் நிர்வாகத்தவரோ முன்வரிசையில் இருந்தால் பேச்சு இன்னும் சுருங்கிவிடும். அவர்கள் தடுத்ததாக அர்த்தமில்லை. மரியாதை தானாகவே தடுக்கும்.

பாடசாலை ஒன்றில் நடந்த கலந்துரையாடலொன்றில் நான் இருந்தேன். அதே பாடசாலைதான் வெள்ளத்தின்போது முகாமாக இருந்தது. மலசலகூட வசதி எப்படி என்று கேட்டதும், ‘குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது’ என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். குறிப்பேட்டில் அது ஒரு வரியாக ஏறியது. அடுத்த வாரம் அதே ஊரில் அடுப்படியிலும் கிணற்றடியிலும் பெண்களோடு தனித்தனியே பேசியபோது ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொன்னார்: பின்னேரம் ஆனதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்களாம். மலசலகூடம் மைதானத்தின் அந்தப் பக்கம், இடையில் முழங்காலளவு வெள்ளம், மின்குமிழ் எரியவில்லை, வகுப்பறை வராந்தாவில் ஆண்கள் படுத்திருந்தார்கள். இரவில் எழும்ப வேண்டி வராமல் இருக்க நாவரட்சியோடு படுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி. சிறுநீர்த் தொற்றும் நீரிழப்பும் கர்ப்பத்தில் என்ன செய்யும் என்பதைச் சுகாதாரத் துறையினருக்கு விளக்கத் தேவையில்லை. மூத்தவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. தெரிந்த பெண்களோ அவர் முன்னால் சொல்லமாட்டார்கள்.

மாதவிடாய்த் துணி, கணவனின் குடி, நித்திரை வராத இரவுகள், செத்துவிடலாம் என்ற எண்ணம் என்று அனர்த்தத்தின் சுகாதாரப் பாதிப்புகளில் கனமானவை எல்லாம் கூட்டத்தில் சொல்ல முடியாதவை. காத்தான்குடி, மருதமுனை போன்ற இடங்களில் பெண்களை மட்டும் தனியே கூட்டி, பெண்ணொருவர் பேச்சை நடத்தினால் நிலைமை வெகுவாக மாறும். அப்போதும் மாமியும் மருமகளும் ஒரே பாயில் இருக்கக் கூடாது.

இருந்தும் சில வேலைக்குக் குழுவே சிறந்தது. படுவான்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாவிக்கு மேற்கே வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களில் எந்த வீதி எந்த நாளில் மூடப்பட்டது, எங்கே தோணி ஓடியது, பிரசவத்துக்குப் போனவர்கள் எந்தப் பக்கத்தால் சுற்றிப் போனார்கள் என்பதைத் தனியொருவர் நினைவில் முழுமையாக வைத்திருப்பதில்லை. நிலத்தில் தடியால் வரைபடம் கீறி ஆறேழு பேரைச் சுற்றி நிறுத்தினால், ஒருவர் மறந்ததை மற்றவர் திருத்துவார். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் வாவியைக் கடக்கும் வழி மாறியது. ஆனால் பாலத்துக்கு அப்பால் உள்வீதி தாழ்ந்திருந்தால் பாலம் மட்டும் இருந்து பயனில்லை. அந்தத் தாழ்ந்த இடம் எது என்பதை இப்படியொரு வரைபடம் காட்டிவிடும்.

ஒரு குளிசையின் பின்னால் போவது

எலிக்காய்ச்சலைத் தடுக்க வயலில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் கொடுப்பது நமது பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த பணி. வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். வெள்ளம் பெரும்போகத்தின் நடுவில் வருவதால் ஆபத்தும் அப்போதுதான் கூடும். பணிமனையின் பதிவில் ‘வழங்கப்பட்டது’ என்று இருக்கும். அந்தக் குளிசை யாருடைய வயிற்றுக்குள் போனது?

இதைத்தான் ஒரு சேவையின் பின்னால் போவது என்கிறேன். களஞ்சியத்தில் பொறுப்பாக இருப்பவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், விவசாய அமைப்பின் செயலாளர், விவசாயி, அவர் மனைவி, காய்ச்சல் வந்தால் அவர் முதலில் போகும் தனியார் மருந்தகக்காரர் ஆகியோரைத் தனித்தனியே காண்பது. விவசாயியிடம் ‘குளிசை குடித்தீர்களா’ என்று கேட்டால் ‘ஓம்’ என்பார். கேட்பவர் மனம் கோணாமல் பதில் சொல்வது நம் மக்களின் பண்பு. ‘குளிசை கையில் கிடைத்த நாளில் என்ன நடந்தது, காலையிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அப்போது கதை வரும். வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டி, மிகுதியை வயலில் தங்கும் குடிசையான வாடியின் கூரையில் செருகி வைத்தவர் ஒருவர். காய்ச்சல் வந்தால் குடிக்கலாம் என்று பத்திரப்படுத்தியவர் இன்னொருவர். வாடியில் தங்கியிருந்ததால், வீட்டுக்கு வந்த குளிசை தன் கைக்கு வரவே இல்லை என்பவரும் இருப்பார்.

மூன்று பேரும் படிவத்தில் ‘எடுக்கவில்லை’ என்ற ஒரே கட்டத்துக்குள் விழுவார்கள். ஆனால் மூன்றுக்கும் மூன்று பரிகாரம். முதலாமவருக்கு, சாப்பிட்ட பின் நிறையத் தண்ணீரோடு குடிக்கும்படி சொல்ல வேண்டும். அடுப்பு எரியாத நாளில் அவர் எதைச் சாப்பிட்டுவிட்டுக் குடிப்பது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இரண்டாமவருக்கு, இது வருமுன் காக்கும் குளிசை, வந்தபின் வைத்தியசாலைக்கே போக வேண்டும் என்ற விளக்கம் தேவை. மூன்றாமவரின் விடயத்தில் விநியோகம் நடந்த இடமே பிழை. நேர்காணலின் பயன் இதுதான்: எதை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது.

சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்களின் கிளினிக் கொப்பியையும் இப்படித் தொடரலாம். இரவில் வெள்ளம் ஏறுகிறது. பிள்ளையைத் தூக்கியவர் கொப்பியைத் தூக்கவில்லை. முகாமுக்கு வந்த வைத்தியரிடம் ‘ஒரு பெரிய வெள்ளைக் குளிசை, ஒரு சின்னக் குளிசை’ என்றுதான் சொல்ல முடிகிறது. வைத்தியர் எதை நம்பி எழுதினார், மருந்தாளர் கையில் அன்று எது இருந்தது, இன்சுலின் குப்பி குளிரூட்டி இல்லாமல் எங்கே வைக்கப்பட்டது? நோயாளியை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். வைத்தியரையும் மருந்தாளரையும் மருத்துவிச்சியையும் கேட்டால்தான் இழை எங்கே அறுந்தது என்று தெரியவரும்.

எத்தனை பேரைக் காண்பது? கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களை நேர்கண்ட ஆய்வொன்றை வைத்து 2006இல் வெளியான கட்டுரை, முதல் 12 நேர்காணல்களிலேயே முக்கியமான கருத்துகள் பெரும்பாலும் வந்துவிட்டன என்று காட்டியது. அந்த எண்ணைப் பலர் வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள். அது ஓரளவு ஒரே வகையான மக்களுக்குப் பொருந்தும் எண். படுவான்கரை விவசாயியையும் கல்லாற்றுக் கரையோர மீனவரையும் சேர்த்து 12 என்றால் அது ஆறும் ஆறும்தான். நம் மாவட்டங்களில் தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம், அம்பாறையின் உட்பகுதியில் சிங்களக் கிராமம் என்று இருக்கும்போது, ஒரே ஆய்வில் எல்லாவற்றையும் அடக்க முயன்றால் எதுவும் ஆழமாக வராது. சேவையைக் குறுக்குங்கள், ஊரையும் குறுக்குங்கள்.

இந்த முறைக்குப் பலவீனம் இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் எடுக்க நாலைந்து மணி நேரமாவது போகும். கிடைப்பதை வைத்து மாவட்டம் முழுவதும் இப்படித்தான் என்று எழுதவும் கூடாது. நினைவும் ஏமாற்றும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் காற்று எந்தப் பக்கமிருந்து திரும்பியது என்று இன்றும் சொல்லும் மூத்தவர், போன மாரியில் குளிசை எந்தக் கிழமை கிடைத்தது என்பதை மூன்று மாதத்தில் மறந்துவிடுவார். பெருந்துயரம் நினைவில் நிற்கும். சிறு விபரம் நிற்காது. மதிப்பீட்டுக்கு வேண்டியதோ அந்தச் சிறு விபரம்தான். ஆகவே பிந்தக் கூடாது.

பணியில் நின்றவர்களின் மீளாய்வு

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, நிகழ்வு முடிந்து மூன்று மாதங்களுக்குள் பணியாளர்களை அழைத்து, நடந்ததை மீளாய்வு செய்யும்படி சொல்கிறது. சிறு கலந்துபேசலிலிருந்து நேர்காணல் வரை நான்கு வடிவங்களையும் அது தருகிறது. செலவு மிகக் குறைவு. எந்த முறையைத் தேர்ந்தாலும் இதையும் செய்துவிட வேண்டும் என்பேன்.

ஆனால் பணிப்பாளரும் சாரதியும் ஒரே மேசையில் இருந்தால் சாரதி பேசமாட்டார். அம்புலன்ஸ் எந்த இடத்தில் திரும்பி வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். மருத்துவிச்சிகளைத் தனியே அழைக்க வேண்டும். தம் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்க, பிள்ளைகளை அயலில் விட்டுவிட்டுக் கர்ப்பிணிகளின் பெயர்ப்பட்டியலோடு முகாம் முகாமாகப் போனவர்கள் அவர்கள். அவர்களின் களைப்பும் மதிப்பீட்டில் ஏற வேண்டிய விடயம்தான். அம்பாறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாவட்டச் செயலகம் ஒன்றுதான். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவோ அம்பாறை, கல்முனை என்று இரண்டு. அனர்த்த முகாமைத்துவம் ஓர் எல்லையிலும் சுகாதாரம் வேறோர் எல்லையிலும் இயங்குவதால், ஒரு பிரிவில் மட்டும் மீளாய்வு நடத்தினால் இடையில் விழுந்தது எது என்பது தெரியவராது.

இது கொடுத்தவர்களின் குரல் என்பதையும் மறக்கக் கூடாது. இதை நடத்திவிட்டு மக்கள் கருத்தை அறிந்துவிட்டோம் என்று எழுதுவது சரியல்ல.

நேரில் நின்று பார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரக் கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்வதில் எல்லோரும் முனைந்து நின்றார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறி வரும் என்ற எச்சரிக்கை ஆய்வாளர்களிடமிருந்து பின்னர்தான் வந்தது. எத்தனை கிணறு இறைக்கப்பட்டது என்ற கணக்கு அதைக் காட்டாது. கிணற்றடியில் நின்று, வீட்டுக்காரி வாளியை முகர்ந்துவிட்டுக் குளோரின் நாற்றத்துக்காக அதைக் குடிக்கப் பாவிக்காமல் குளிக்க மட்டும் பாவிப்பதைப் பார்த்தவர், கேட்காமலே ஒரு பதிலைப் பெற்றுவிடுவார். நேர்காணலுக்குப் போகிறவர் கண்ணையும் திறந்து வைத்திருந்தால் இதற்கெனத் தனிச் செலவு தேவையில்லை.

கேட்பவர் யார்

எந்த முறை என்பதைவிட இது சில வேளைகளில் பெரிய கேள்வி. தான் கொடுத்த சேவையைப் பற்றித் தானே கேட்கும்படி மருத்துவிச்சியை அனுப்பக் கூடாது. வழிகாட்ட அவர் வரலாம், பேச்சில் இருக்கக் கூடாது. ஊரின் பேச்சுவழக்கு தெரிந்த, ஆனால் அந்த ஊரைச் சேராத ஒருவர் நல்லது. முஸ்லிம் கிராமங்களில் பெண்களிடம் பெண்ணே போக வேண்டும். நேரம் தொழுகையோடு மோதக் கூடாது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதில் மிகுந்த கவனம் தேவை. போர்க்காலத்தில் பதிவும் கையொப்பமும் எதற்கென்று தெரியாமல் பயந்து வாழ்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நோக்கத்தை விளக்கி வாய்மொழியாகச் சம்மதம் பெறுவதற்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம் என்றால் கைக்குறிப்போடு நிறுத்துங்கள். ஆழிப்பேரலையின் பின் ஆய்வு நெறிமுறை பற்றி அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன என்ற இலங்கை மருத்துவ ஆய்வாளர்கள் 2005இலேயே லான்செட் இதழில் எழுதினார்கள். அந்த அக்கறை இன்றும் தேவைப்படுகிறது. அழுதுவிட்ட ஒருவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. உளநலப் பிரிவில் யாரிடம் அனுப்புவது என்பதை முதல் நேர்காணலுக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

எதைத் தேர்வது

ஒரு வாரம்தான் இருக்கிறது, பணமில்லை என்றால் பணியாளர் மீளாய்வை இரண்டு பிரிவாக நடத்துங்கள்; ஒரு கிராமத்தில் வரைபடக் குழுவொன்றைச் சேருங்கள். ஒன்றரை மாதமும் இரண்டு பயிற்சி பெற்ற நேர்காணுநரும் இருந்தால் ஒரு சேவை, ஒரு பிரதேசம், அந்த வழியில் நின்ற அனைவரோடும் நேர்காணல். அதைவிட வசதி இருந்தால், நேர்காணலில் வெளிவந்த காரணங்களைக் கேள்விகளாக்கி 210 பேரின் கணக்கெடுப்புக்குப் போங்கள். குமட்டலால் விட்டவர் எத்தனை வீதம், வாடியில் இருந்ததால் தவறவிட்டவர் எத்தனை வீதம் என்று அப்போது எண்ணலாம்; பணிப்பாளரிடம் நிதி கேட்கவும் அந்த எண் உதவும். படிவத்தை முதலில் செய்துவிட்டு விளக்கத்துக்காக நேர்காணலுக்குப் போவோரும் உண்டு. அனர்த்தத்தில் அந்த ஒழுங்கு எனக்கு உடன்பாடில்லை. கேட்க வேண்டிய கேள்வியே பெரும்பாலும் நமக்குத் தெரிந்திருப்பதில்லை.

காலத்தைப் பொறுத்தவரை ஜனவரிப் பிற்பகுதி நல்லது. தண்ணீர் இறங்கியிருக்கும், பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் சூடுபிடித்தால் விவசாயியை வீட்டில் காண முடியாது. நோன்பு மாதம் பெப்ரவரியில் விழும் ஆண்டுகளில் முஸ்லிம் கிராமங்களுக்கு இன்னும் முந்திப் போக வேண்டும்.

கூட்டத்தை இறுதியில் வையுங்கள். நேர்காணலில் வந்தவற்றை, யார் சொன்னார் என்று தெரியாதபடி, அயலூரையும் சேர்த்து ஆறேழு வாக்கியங்களாக எழுதி, ஒக்டோபர் மழைக்கு முன் கிராமத்தில் வாசியுங்கள். ‘முகாமில் பெண்கள் பின்னேரத்துக்குப் பின் தண்ணீர் குடிக்கவில்லை’ என்பது அதில் ஒன்றாக இருக்கட்டும். இந்த மாரியில் அது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று மட்டும் கேளுங்கள். சொன்னவள் இன்னாள் என்று தெரியாதபோது அவளும் அந்தப் பேச்சில் கலந்துகொள்வாள். முன்வரிசையில் இருக்கும் மூத்தவரே மின்குமிழுக்கும் தடுப்பு மறைப்புக்கும் பொறுப்பெடுக்க முன்வரவும் கூடும். அப்படிப் பொறுப்பெடுத்தவர் பெயரையும் நாளையும் கூட்டக் குறிப்பில் எழுதி, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் ஒன்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அனுப்புங்கள்.